பயோஷாக், கதைக்கு பத்துக்கு பத்து – கடிதம்

அண்ணா வணக்கம்,

நான் காட்பாடில இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். லீவுல பயோஷாக் விளையாடி முடிச்சேன். பழைய கேம்தான், ஆனா இப்ப வர்ற எதுலயும் இப்படி ஒரு கதை இல்ல. அதைப் பத்தி தமிழ்ல ஒரு ரிவ்யூ எழுதி இதோட அனுப்பியிருக்கேன். கிராபிக்ஸ் 8, சவுண்ட் 9, கன் ஃபைட் 7, கதை 10னு மார்க் போட்டிருக்கேன். நாம எடுக்குற முடிவுக்கு ஏத்த மாதிரி நல்ல எண்டிங், கெட்ட எண்டிங்னு மாறுறது எனக்கு ரொம்ப புடிச்சது (கெட்டத யூடியூப்ல பாத்துக்கிட்டேன்). ஆடியோ டைரிங்க (வழில அங்கங்க கெடைக்கிற குரல் பதிவுங்க) மட்டும் போர், பாதிக்கு மேல ஸ்கிப் பண்ணிட்டேன். என் கேள்வி இதுதான்ணா: ஒரு ஷூட்டர் கேமோட கதைய நாவலுக்கு சமமா வைக்கலாமா? எங்கப்பா இதெல்லாம் வெட்டி வேலைன்னு திட்டுறார். அப்புறம் கிராபிக்ஸ் கார்டு மாத்தணும், எது வாங்கலாம்?

அன்புடன்,
கார்த்தி

அன்புள்ள கார்த்தி,

கிராபிக்ஸ் கார்டு உன் பட்ஜெட்ட பொறுத்தது, கடையில கேளு. அப்பா திட்டட்டும், படிப்பு கெடாம பாத்துக்க, அவ்ளோதான். நாவலுக்கு சமமாங்குறதுல எனக்கு ஆர்வமே இல்ல, நாடகத்தப் பாத்துட்டு இது நாவலுக்கு சமமான்னு யாராவது கேப்பாங்களா, அது வேற இது வேற.

உன் ரிவ்யூவ முழுசா படிச்சேன். ஆரம்பத்துல ஃபிளைட் கடல்ல விழுந்து, லைட் ஹவுஸ் உள்ள போயி, அந்த உருண்டை வண்டில கடலுக்கு அடியில இறங்கும்போது கண்ணாடிக்கு வெளிய கட்டடங்க நடுவுல திமிங்கலம் நீந்திப் போறத ஒரு பத்தி எழுதியிருக்க பாரு, அது ரொம்ப நல்லா வந்திருக்கு, உனக்கு கண்ணு இருக்குடா தம்பி. அதனாலதான் இவ்ளோ நீளமா பதில் எழுதுறேன், அதனாலதான் கோவமும் வருது. (பயோஷாக் விளையாடாதவங்க இதுக்கு மேல படிக்க வேணாம், கதை மொத்தத்தையும் சொல்லப் போறேன்.)

டைரிய ஸ்கிப் பண்ணிட்டு கதைக்கு பத்துக்கு பத்து எப்படி போட்ட? ராப்சர்னு ஒரு ஊரையே ஆண்ட்ரூ ரயன் கடலுக்கு அடியில கட்டினான், அரசாங்கம் கூடாது சாமி கூடாது அவனவன் சம்பாதிச்சது அவனவனுக்குன்னு, அது எப்படி அழுகிப் போச்சுங்குறது பாதிக்கு மேல அந்த டைரிங்கள்லதான் இருக்கு. ஒரு டைரில ஒரு சின்னப் பையன் கிட்ட நாய்க்குட்டி கழுத்த முறின்னு டாக்டர் சொல்றான், பையன் மாட்டேன் மாட்டேன்னு கெஞ்சுறான், உடனே அந்த மனுஷன் ஒரு குறிப்பிட்ட வார்த்தைய சேத்து திரும்பச் சொல்றான், பையன் முறிச்சிடுறான். அந்தப் பையன் யாரு? நீ. நீ விளையாடுற ஆளுதான் அது. அத கேக்காம கேம முடிச்சுட்டு வந்து போர்னு எழுதுறியே, நியாயமா? விளையாடாத எண்டிங்க யூடியூப்ல பாத்துட்டு அதையும் சேத்து பாராட்டுற. இது ரிவ்யூ இல்ல, ரிப்போர்ட் கார்டு.

சரி, அந்த வார்த்தைக்கு வரேன். ரேடியோல அட்லஸ்னு ஒருத்தன் உன்கிட்ட பேசிக்கிட்டே இருக்கான், அங்க போ இத எடு ரயனக் கொல்லுன்னு, முக்கியமான வேலை ஒவ்வொண்ணுலயும் 'வுட் யூ கைண்ட்லி'ங்குற அந்த மரியாதையான வார்த்தைய (தயவுசெஞ்சுங்குற மாதிரி) சேத்துதான் சொல்றான், நமக்கு அது காதுலயே விழல, ஏன்னா எல்லா கேம்லயும் ஒருத்தன் ரேடியோல சொல்லுவான் நாம செய்வோம், பழகிடுச்சு. கடைசில ரயன் ரூமுக்குப் போனா அவன் உண்மைய உடைக்கிறான், அந்த வார்த்தை கேட்டா செஞ்சே ஆகுற மாதிரிதான் உன்ன வளத்திருக்காங்க, ஃபிளைட்ட கடத்தி விழ வச்சதே நீதான்னு. சொல்லிட்டு கோல்ஃப் மட்டைய உன் கைல குடுத்து என்னக் கொல்லுன்னு அவனே உத்தரவு போடுறான். மனுஷன் தேர்ந்தெடுப்பான், அடிமை கீழ்ப்படிவான்னு சொல்லிக்கிட்டே அடி வாங்கிச் சாகுறான். அந்த நேரத்துல உன் மவுஸும் கீபோர்டும் வேலை செய்யாது. அதுவரைக்கும் சுட்டதெல்லாம் உன் கைதான், இங்க மட்டும் கை உன்னோடது இல்ல. 2007ல கென் லெவின் டீம் பண்ண இந்த ஒரு சீன வேற எந்த மீடியத்துலயும் பண்ண முடியாது, கை இருக்குற மீடியத்துலதான் கைய புடுங்க முடியும்.

இது வரைக்கும் நீயும் எழுதியிருக்க. இதுக்கு அப்புறம் நடக்குறத ஏன் விட்டுட்ட?

ரயன் செத்தான். அட்லஸ்னு ஒருத்தனே இல்ல, அவன் ஃபான்டெய்ன்ங்குற கடத்தல்காரன்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம் டெனன்பாம்ங்குற விஞ்ஞானி வந்து உன் மண்டைல இருந்த கட்டுப்பாட்ட எடுத்து விடுறா. இப்ப நீ சுதந்திர மனுஷன் இல்லயா? ஆனா என்ன பண்ற? டெனன்பாம் ரேடியோல இங்க போ அத எடுன்னு சொல்றா, நீ போற, எடுக்குற! அந்த வார்த்தை மட்டும்தான் இல்ல. கேம் உன்ன அடிமைன்னு கன்னத்துல அறைஞ்சு சொல்லிட்டு, மறுபடி வழி சொல்ற அதே அம்புக்குறிய காட்டுது. கிளின்ட் ஹாக்கிங்னு ஒரு டிசைனர், பின்னாடி ஃபார் க்ரை 2ங்குற கேம் பண்ணவர், பயோஷாக் வந்த அதே வருஷமே கேட்டார், சுயநலமா இருக்கலாமான்னு முடிவு பண்ற உரிமைய விளையாடுற முறைல குடுக்குற, ஆனா அட்லஸுக்கு உதவ மாட்டேன்னு சொல்ற உரிமைய கதைல குடுக்கலயேன்னு. எனக்கு அதுக்கும் மேல ஒரு ஆத்திரம் இருக்கு, அதுக்கு ஒரு விஷயம் சொல்லணும்.

எங்க பெரியப்பா கம்மவான்பேட்டைக்காரர். உனக்குத் தெரிஞ்சிருக்கும், வேலூர் பக்கம் ராணுவப்பேட்டைன்னே அந்த ஊர சொல்லுவாங்க, வீட்டுக்கு வீடு மிலிட்டரி ஆளுங்க. அவரும் ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர். எந்தச் சண்டை, எங்க போனார், என்ன பண்ணார், எதையும் எங்ககிட்ட சொன்னதே கிடையாது. ஒரு தடவ வைத்தியத்துக்காக வேலூர் வந்து எங்க வீட்ல தங்கியிருந்தார், நான் ஹாஃப் லைஃப் 2 விளையாடுறத பின்னாடி கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தார். 2004ல வந்த கேம், ஆரம்பத்துல ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு காவலாளி கூல்டிரிங்ஸ் டின்ன கீழ தட்டிவிட்டு, பொறுக்கி குப்பைத்தொட்டில போடுன்னு அதிகாரமா சொல்லுவான். நான் பொறுக்கிப் போட்டேன், அவன் சிரிச்சிட்டு வழி விட்டான். பெரியப்பா, "இன்னாத்துக்குடா பொறுக்குன?"ன்னார். அவன் சொல்றான் பெரியப்பா, போட்டாதான் விடுவான்னேன். "எனக்கு ஆர்டர் போட்டாங்க, செஞ்சேன். சம்பளம் குடுத்தான், இப்ப பென்ஷன் குடுக்குறான். ஒனக்கு இன்னா குடுக்குறான்?"னு கேட்டார், கோவம் கூட இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்க கேட்ட மாதிரி இருந்துச்சு. திரும்ப லோட் பண்ணி டின்ன அந்தக் காவலாளி மூஞ்சிலயே எறிஞ்சேன், அவன் தடிய எடுத்துக்கிட்டு தொரத்துனான். பெரியப்பா எழுந்து போயிட்டார்.

நான் ஷூட்டர் கேம எடை போடுறது அன்னைலேர்ந்து இந்தக் கேள்விய வச்சுதான். உத்தரவு வருது, மாட்டேன்னு சொல்ல எடம் இருக்கா, சொன்னா என்ன விலை? ஹாஃப் லைஃப் 2ல அந்தச் சின்ன சீன்ல மட்டும் எடம் இருக்கு, ரெண்டு அடி வாங்கலாம். பயோஷாக்ல நீ கொண்டாடுற தேர்வு என்ன? அந்தச் சின்னப் பொண்ணுங்க, லிட்டில் சிஸ்டர்ஸ், கொன்னா 160 ஆடம் (புது சக்திங்க வாங்குறதுக்கான சரக்கு), காப்பாத்துனா 80. ஆனா மூணு பேர காப்பாத்துனா டெனன்பாம் 200 ஆடத்த பொம்மைக்குள்ள வச்சு கிஃப்ட்டா அனுப்புறா. கூட்டிப் பாரு, மூணு பேர கொன்னவனுக்கு 480, காப்பாத்துனவனுக்கு 440, அதோட கிஃப்ட்ல வேற சாமானும் உண்டு. நாப்பது ஆடம்தான் உன் தர்மத்தோட விலை, அதுக்கு கடைசில நல்லவன்னு ஒரு எண்டிங் வேற. நீ எழுதியிருக்க, "கஷ்டமான முடிவு"ன்னு. எங்கடா கஷ்டம்? எங்க கை நடுங்குச்சு?

மாட்டேன்னு சொல்றதுக்கு என்ன விலைன்னு நீ தினமும் தாண்டிப் போற வேலூர்லயே இருக்கு. 1805-06ல புதுத் தலைப்பாகை போடு, தாடிய எடு, நெத்தில சின்னம் வைக்காதன்னு சிப்பாய்ங்களுக்கு வெள்ளைக்காரன் உத்தரவு. 1806 மே மாசம் மாட்டேன்னு நின்னவங்கள்ல ரெண்டு பேருக்கு, ஒரு இந்து ஒரு முஸ்லிம், கசையடி குடுத்து வேலைய விட்டே துரத்துனாங்க. ஜூலை 10 விடியக்காலை சிப்பாய்ங்க கோட்டையப் புடிச்சாங்க, அன்னைக்கே ஆற்காட்டுலேர்ந்து கில்லஸ்பிங்குற பிரிட்டிஷ் அதிகாரி குதிரைப்படையோட வந்து திரும்பப் புடிச்சான், அரண்மனைக்குள்ள ஒளிஞ்சிருந்தவங்கள நூறு பேருக்கு மேல இழுத்துட்டு வந்து சுவத்தோரமா நிக்க வச்சு சுட்டாங்க. அந்த உத்தரவ அப்புறம் வாபஸ் வாங்குனாங்க. மக்கான் கிட்ட அந்த நினைவுத்தூண் இருக்கே, அது பக்கத்துல நின்னு ஒரு தடவ இந்த நாப்பது ஆடத்த யோசிச்சுப் பாரு.

இதுக்காக பயோஷாக் மட்டமான கேம்னு நான் சொல்லல, எனக்கு அது உயிரு. ரயன் ரூம் வரைக்கும் அது மாதிரி ஒண்ணு இன்னும் வரல. ஆனா அந்த ரூமுக்கு வெளிய வந்ததும் தான் கேட்ட கேள்விக்கு அதுக்கே பதில் தெரியாம சாதாரண ஷூட்டரா ஆயிடுது, இத சொல்லாத ரிவ்யூ அத நேசிக்கிறவன் எழுதுன ரிவ்யூ இல்ல.

நீ திரும்ப எழுதணும். டைரிங்க எல்லாத்தையும் கேளு, நாய்க்குட்டி டைரிய கண்டிப்பா கேளு. அப்புறம் டெனன்பாம் கட்டுப்பாட்ட எடுத்து விட்ட எடத்துல சேவ் பண்ணி, அவ சொல்ற எதையும் செய்யாம கைய எடுத்துட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காரு. அங்க என்ன நடக்குது, என்ன நடக்கலன்னு எழுது, அந்தத் திமிங்கலத்த எழுதுன மாதிரியே எழுது. மார்க் போடாம அனுப்பு, நான் படிக்கிறேன்.

அன்புடன்