தாய்க்கும் தம்பிக்கும் உரிய சேவைகளை எந்த அலுவலகத்தில் கேட்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 73. தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் என் தம்பியோடு வசிக்கிறார். தம்பிக்கு வயது 39. அவனுக்கு 80 விழுக்காடு அறிவுசார் குறைபாடு இருப்பதாகச் சான்று உள்ளது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அந்தக் கணக்கை இதுவரை அம்மாதான் கவனித்துவந்தார். சென்ற ஆண்டு கீழே விழுந்து இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபின் அவரால் வாக்கர் இல்லாமல் நடக்க முடியவில்லை. அம்மா நேரில் வந்தால்தான் பணம் தருவோம் என்கிறது வங்கி. அம்மாவின் முதியோர் உதவித்தொகை பற்றிக் கேட்டால், வீட்டில் ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடையாது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் அலுவலகம் அம்மாவின் விஷயத்தைப் பேசுவதில்லை. சமூகநல அலுவலகம் தம்பியின் விஷயத்தைப் பேசுவதில்லை. இருவரையும் ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று ஓர் அலுவலர் சொன்னார். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அண்ணன் திருப்பூரில் இருக்கிறார், எதுவும் தருவதில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்டுப் பெற வழி உண்டா?

பதில்: இரண்டு பேருக்குமான எல்லாச் சேவைகளையும் ஒருங்கிணைத்துத் தரவேண்டிய ஒரே அலுவலர் என்று எந்தச் சட்டமும் எவரையும் நியமிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, துறைகள் வழங்கும் சேவைகளிடையே முறையான ஒருங்கிணைப்பு இருப்பதை மாநில அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் கடமை நிறைவேறாவிட்டால் யாரிடம் முறையிடுவது என்று அதே பிரிவில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே ஒருங்கிணைப்பு என்பதையே ஓர் உரிமையாகக் கேட்டுப் போராடுவதைவிட, ஒவ்வொரு சேவையையும் அதற்குரிய சட்டப் பிரிவைச் சுட்டிக் கேட்டு, அந்தக் கோரிக்கைகள் அனைத்தும் ஒரே மேசைக்கு வந்துசேரும்படி செய்வதுதான் பலன் தரும். அந்த மேசை மாவட்ட ஆட்சியருடையது. மூத்த குடிமக்கள் சட்டப்படி அமைந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அவர்தான் தலைவர். உங்கள் தம்பியைப் போன்றவர்களுக்குச் சட்டப்பூர்வமான பாதுகாவலரை நியமிக்க, தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அமைந்த உள்ளூர் நிலைக் குழுவிலும் அவர்தான் தலைமை வகிக்கிறார். உதவித்தொகை வழங்கும் வருவாய்த் துறையும் மாவட்ட அளவில் அவருக்குக் கீழேதான் இயங்குகிறது.

ஆட்சியரிடம் போவதற்கு முன்னால் ஒன்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும். யாருக்காக யார் பேசுவது என்பதற்கு உங்கள் குடும்பத்தில் இன்னும் எழுத்துப்பூர்வமான ஏற்பாடு இல்லை. நீங்கள் எதிர்கொள்ளும் மறுப்புகளில் பாதி இதனால் வருபவை என்று நினைக்கிறேன்.

உங்கள் தாயார் நடக்க இயலாதவரே தவிர, முடிவெடுக்க இயலாதவர் அல்லர். அவருக்குப் பாதுகாவலர் எவரும் தேவையில்லை. அப்படி யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். மனுக்களைக் கொடுக்கவும் பதில்களைப் பெறவும் அவர் உங்களுக்குத் தரும் கையொப்பமிட்ட அங்கீகாரக் கடிதமே பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதும். வங்கியைப் பொறுத்தவரை, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் எடுப்பது உள்ளிட்ட அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே சென்று வழங்க ஏற்பாடு செய்யுமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளை மேலாளருக்கு இதைக் குறிப்பிட்டு உங்கள் தாயார் பெயரில் ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் வங்கி முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள்.

தம்பியின் நிலை வேறு. பதினெட்டு வயது நிறைந்தவுடன் சட்டத்தின் பார்வையில் அவர் வயதுவந்தவர் ஆகிவிட்டார். இத்தனை ஆண்டுகளாகத் தாயார் அவருக்காகக் கையெழுத்திட்டு வந்ததைப் பலரும் இயல்பாக ஏற்றுக்கொண்டார்களே ஒழிய, அதற்குச் சட்டப்பூர்வமான அடிப்படை எதுவும் உருவாகிவிடவில்லை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்காக 1999இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்கீழ், பெற்றோரோ உறவினரோ பாதுகாவலர் நியமனம் கோரி உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். குழுவில் ஆட்சியருடன் ஒரு பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள். இதற்காக நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. இந்தக் குழு தரும் சான்றை ஏற்றுக் கணக்கை இயக்க அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியுள்ளது.

தாயாரின் உடல்நிலையைப் பார்க்கும்போது, அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்துடன் நீங்களே விண்ணப்பிப்பது நல்லது என்பது என் கருத்து. ஓசூரில் இருந்துகொண்டு எப்படிக் கவனிப்பீர்கள் என்று குழு நிச்சயம் கேட்கும். அன்றாடம் சமைத்துக் கொடுப்பது யார், மருந்து வாங்கித் தருவது யார், நீங்கள் எவ்வளவு இடைவெளியில் ஊருக்கு வருகிறீர்கள் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். நியமனம் கிடைத்தபின், தம்பியின் சொத்துகளின் பட்டியலை ஆறு மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்; ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். இது உங்களுக்குச் சுமையாகத் தோன்றலாம். ஆனால் பிற்காலத்தில் அண்ணனோ வேறு உறவினரோ சந்தேகம் எழுப்பினால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் கணக்குத்தான்.

அடுத்து உதவித்தொகை. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் என்று சொன்ன அலுவலர் அதை எழுதித் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். வாய்மொழி மறுப்பு ஆணை ஆகாது; அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்ய முடியாது. உங்கள் தம்பி பெறுவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அவருடைய குறைபாட்டின் அடிப்படையில் அவருக்கென்று வழங்கும் பராமரிப்புத் தொகை. 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகையோ வருவாய்த் துறை வழங்குவது. இரண்டின் பயனாளிகளும் வேறு, தகுதிகளும் வேறு. தாயாரின் பெயரில் முறையாக விண்ணப்பித்து எண் பெறுங்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் நிராகரித்தால், எந்த அரசாணையின் எந்த விதியின்கீழ் நிராகரிக்கிறார் என்பதை ஆணையில் குறிப்பிடுமாறு கோருங்கள். அப்படிக் கோரியவுடனேயே முடிவு மாறிய வழக்குகள் உண்டு என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும் சேவைகளில் சில ஏற்கனவே நடைமுறையில் உள்ளவை. அவற்றை மனுவில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே வழங்கப்படுகிறது. இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்தவருக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாயாரின் பெயர் பதிவாகியுள்ளதா என்று விசாரியுங்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் உரிமைகள் திட்டத்தின்கீழ் ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. வீடுவீடாகக் கணக்கெடுப்பும் நடத்தப்பட்டது. தம்பியின் பெயர் அந்தப் பதிவேட்டில் விடுபட்டிருந்தால் மற்றவை எல்லாம் தாமதமாகும். ஆகவே இதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு வழி, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 38ஆவது பிரிவில் இருக்கிறது. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள ஒருவர், தமக்குத் தீவிர உதவி தேவைப்படுவதாகக் கருதினால் அரசு அறிவிக்கும் அதிகார அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். அவருக்காக வேறொருவரும் விண்ணப்பிக்கலாம். பாதுகாவலர் சான்று கைக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதிலுள்ள வசதி. மதிப்பீட்டுக் குழு பரிசோதித்து, எவ்வகை உதவி தேவை என்று சான்றளித்தால், நடைமுறையிலுள்ள திட்டங்களுக்கு உட்பட்டு அந்த உதவியை வழங்க அந்த அமைப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும். தீவிர உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதை அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு குறிப்பிடுகிறது. இதுவரை தம்பியைக் கவனித்துவந்த தாயாருக்கே இப்போது கவனிப்பு தேவைப்படுகிறது என்ற உண்மையை இந்த விண்ணப்பத்தின் மையமாக எழுதுங்கள். துறைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் அலுவலகங்களுக்குப் புலப்படாத செய்தி அதுதான்.

இனி ஆட்சியருக்கான மனு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தாயாரின் பெயரில் ஒரு மனுவும், தம்பிக்காக ஒரு மனுவும், இரண்டையும் இணைத்து நீங்கள் எழுதும் ஒரு முகப்புக் கடிதமும் கொடுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே அதைச் செய்ய வேண்டிய அலுவலரின் பதவியைக் குறிப்பிடுங்கள். ஐந்து கோரிக்கைகளை ஒரே பத்தியில் எழுதினால், மனு முதல் கோரிக்கைக்குரிய துறைக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஒரு பதிலுடன் முடிந்துபோகும். இரண்டு மனுக்களையும் தொடர்ந்து கவனித்து உங்களுக்குத் தகவல் தர ஒரு பொறுப்பு அலுவலரைக் குறித்துத் தருமாறு முகப்புக் கடிதத்தில் கேளுங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும், ஆட்சியர் அப்படிச் செய்வதற்குத் தடை எதுவுமில்லை.

ஒரு மாதம் கடந்தும் அசைவில்லை என்றால், மனு எண்ணைக் குறிப்பிட்டு, அதன்மீது எந்த அலுவலர் எந்தத் தேதியில் என்ன செய்தார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும் என்று அச்சட்டத்தின் 6(3) பிரிவு சொல்வதால், எங்களுடையதல்ல என்ற பதில் இங்கே செல்லாது. தம்பியின் உரிமை மறுக்கப்படுவதாகத் தெரிந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் அஞ்சலிலேயே முறையிடலாம். அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதத்துக்குள் செய்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும். இறுதி வழி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனு. இப்படிப்பட்ட மனுக்களில் நீதிமன்றம் பெரும்பாலும் நேரடியாகத் தொகை வழங்கச் சொல்வதில்லை. மனுவைக் குறிப்பிட்ட வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிடும். கிடப்பில் போடப்பட்ட மனுவுக்கு அந்தக் கெடுவே பெரிய உதவி.

இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்ற யோசனைக்கு வருகிறேன். முதியோர் இல்லம் தாயாரை ஏற்கும், தம்பியை ஏற்காது. அறிவுசார் குறைபாடுள்ளோர் இல்லம் தம்பியை ஏற்கும், தாயாரை ஏற்காது. முப்பத்தொன்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர்களைப் பிரிப்பதைத்தான் அந்த அலுவலர் ஒரு தீர்வாகச் சொல்லியிருக்கிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5ஆவது பிரிவு, அவர்களுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு என்றும், குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளவும், வீட்டுக்கே வரும் ஆதரவுச் சேவைகள் அவர்களுக்குக் கிடைக்கச் செய்யவும் அரசு முயல வேண்டும் என்றும் கூறுகிறது. உங்கள் மனுவில் இந்தப் பிரிவு கட்டாயம் இடம்பெற வேண்டும். தம்பி தனக்குத் தெரிந்த அளவில் எங்கே இருக்க விரும்புகிறார் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

அண்ணனைப் பொறுத்தவரை, தாயார் மூத்த குடிமக்கள் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கோரலாம். மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க உத்தரவிட முடியும். தாயார் உங்களுக்கு அதிகாரம் அளித்தால் நீங்களே அவருக்காக விண்ணப்பிக்கலாம். ஆனால் இது தாயாருக்கு மட்டும் உள்ள உரிமை. தம்பியின் பராமரிப்புக்காக அண்ணன்மீது இந்தச் சட்டத்தில் வழக்கு தொடுக்க இயலாது. பிள்ளை என்ற முறையில் உங்களுக்கும் அதே கடமை உண்டு என்பதால், நீங்கள் இதுவரை செய்துவரும் செலவுக்கான சான்றுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனுக்களை எழுதவும் நீதிப்பேராணை தாக்கல் செய்யவும் வழக்கறிஞர் கட்டணம் குறித்துக் கவலைப்பட வேண்டாம். பெண் என்ற முறையில் தாயாருக்கும் மாற்றுத்திறனாளி என்ற முறையில் தம்பிக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி பெறும் உரிமை, 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தாலோ வட்ட சட்டப்பணிகள் குழுவில் விண்ணப்பித்தாலோ போதும். தாயாரால் வர இயலாத நிலையை விளக்கி, சட்டத் தன்னார்வலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி அவருடைய வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுமாறும் அந்த விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.