ஜெப நேரம் வந்தாலே வீட்டில் சண்டை

கேள்வி: எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 7 வயது, அடுத்தவளுக்கு 4, கடைக்குட்டிக்கு ஒன்றரை. தினமும் இரவு சாப்பிட்ட பிறகு குடும்ப ஜெபம். இரண்டு பாட்டு, ஒரு அதிகாரம், என் கணவரின் விளக்கம், அப்புறம் நீண்ட ஜெபம் என்று முக்கால் மணி நேரம் ஆகிவிடும். மூத்தவன் நெளிவான், தங்கையைச் சீண்டுவான், அவள் சிரிப்பாள், கணவருக்குக் கோபம் வரும். பல நாள் ஜெபத்தின் நடுவிலேயே அடி விழுந்து, அழுகையில்தான் ஆமென் சொல்கிறோம். வசனம் மனப்பாடமாகச் சொன்னால் பரிசு என்று ஆசை காட்டினேன். இப்போது பரிசு இல்லாமல் வாயைத் திறப்பதில்லை. போன வாரம் "எனக்கு ஜெபமே பிடிக்கலம்மா" என்று சொல்லிவிட்டான். என் அம்மா சில மாதங்களுக்கு முன்பு நோயில் இறந்துபோனார். "நான் தினமும் ஜெபம் பண்ணினேனே, பாட்டி ஏன் செத்துப்போனாங்க?" என்றும் கேட்கிறான். விசுவாசக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை இப்படிப் பேசலாமா? நாங்கள் எங்கே தவறுகிறோம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியதிலிருந்து தொடங்குகிறேன். பாட்டியைப் பற்றிய கேள்வியையும் "ஜெபம் பிடிக்கல" என்பதையும் தனித்தனிப் பிரச்சினைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகத்தான் தெரிகின்றன. ஒரு ஏழு வயதுப் பையன் மாதக்கணக்கில் ஒரே காரியத்தைக் கேட்டு ஜெபித்திருக்கிறான். அது நடக்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் அவனிடம் உட்கார்ந்து பேசவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே ஜெபம் தொடர்ந்தது. அவனுக்கு எப்படிப் பிடிக்கும்? இப்படிப் பேசலாமா என்று கேட்கிறீர்கள். பேசலாம், சங்கீதங்களிலேயே நிறையப் பேர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். அவன் அதை உங்களிடம் வந்து சொன்னானே, அதற்காகச் சந்தோஷப்படுங்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டு வெளியே ஆமென் சொல்கிற பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

அவனிடம் என்ன சொல்வது? முதலில், எதையெல்லாம் சொல்லக்கூடாது என்று பார்ப்போம். "பாட்டி தூங்கிட்டாங்க" என்று சொல்லாதீர்கள். இந்த வயதில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, படுக்கப் போகவே பயப்படுவார்கள். "நல்லவங்கன்னு ஆண்டவர் எடுத்துக்கிட்டார்" என்பதும் வேண்டாம். அப்படியானால் அம்மாவும் நல்லவள்தானே, அம்மாவை எப்போது எடுப்பார் என்று யோசிப்பான். இன்னும் விசுவாசத்தோடு ஜெபித்திருக்கலாம் என்கிற மாதிரி எதையும், விளையாட்டுக்குக்கூட, யாரும் அவன் காதில் போட விடாதீர்கள். சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நீங்கள் உடனே மறுத்துப் பேசுங்கள். தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் இப்படி ஆயிற்று என்று பிள்ளைகள் ரகசியமாக நினைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

உள்ளதைச் சொல்லுங்கள். பாட்டியின் உடம்பு நோயில் பலவீனப்பட்டு நின்றுபோனது. நீ ஜெபித்தது சரிதான், அம்மாவும் அதைத்தான் ஜெபித்தேன். நாம் கேட்டபடி நடக்கவில்லை, ஏன் என்று அம்மாவுக்குத் தெரியாது, அம்மாவுக்கும் அழுகை வருகிறது. இப்படிச் சொல்வதால் அவன் விசுவாசம் குலைந்துவிடாது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்" என்றுதான் கேட்டார், அது நீங்கவில்லை. லாசருவின் கல்லறைக்குப் போனபோது, அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார். அந்த இரண்டு சம்பவங்களையும் அவனுக்குச் சொல்லுங்கள், விளக்கம் சேர்க்காமல். பாட்டியை மறுபடி பார்ப்போம் என்கிற நம்பிக்கையையும் சொல்லுங்கள், ஆனால் அவன் அழுது முடித்த பிறகு. அழுகையை நிறுத்துவதற்காக அந்த நம்பிக்கையைச் சொன்னால், அழுவது தப்பு என்றுதான் அவன் புரிந்துகொள்வான். இது ஒரே நாளில் முடிகிற பேச்சும் அல்ல. அடுத்த மாதம் மறுபடி கேட்பான், அடுத்த வருஷமும் கேட்பான்.

சரி, இப்போது அந்த முக்கால் மணி நேரத்துக்கு வருவோம்.

அது பெரியவர்களுக்கான ஜெபக்கூட்டம். அதில் மூன்று சின்னப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்று ஒரு வாலிபன் வருகிறான். பிரசங்கம் செய்தவர் வேறு யாருமில்லை, பவுல்தான். பேச்சு நடுராத்திரி வரை நீண்டது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். பவுல் அவனைத் திட்டியதாக அங்கே ஒரு வார்த்தை இல்லை. இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார் என்றுதான் இருக்கிறது. வாலிபனுக்கே அந்தக் கதி என்றால் நான்கு வயதுக்காரி என்ன செய்வாள்?

பத்து நிமிடமாகச் சுருக்குங்கள். நேரத்தையும் மாற்றுங்கள். சாப்பிட்ட பிறகு பிள்ளைகளுக்குத் தூக்கக் கலக்கம், உங்கள் கணவருக்கு நாள் முழுக்க உழைத்த களைப்பு. பாதிச் சண்டைக்கு அதுதான் காரணமாக இருக்கும். சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கு வேலை இருக்க வேண்டும். 136-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 26 வசனங்கள், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகிறது. அப்பா முதல் பாதியை வாசிக்கட்டும், பிள்ளைகள் மறுபாதியைச் சத்தமாகச் சொல்லட்டும். எழுத்துத் தெரியாத நான்கு வயதுக்காரியும் இரண்டாவது வரியிலேயே பிடித்துக்கொள்வாள். ஒன்றரை வயதுக்காரர் கையைத் தட்டுவார், அது போதும். 26-ம் அதிகம் என்று தோன்றினால் பத்தோடு நிறுத்துங்கள். ஒன்றும் ஆகாது. 117-ஆம் சங்கீதத்தில் மொத்தமே இரண்டு வசனங்கள்தான், ரொம்பச் சோர்வான நாளுக்கு அது இருக்கிறது.

அதிகாரம் அதிகாரமாக வரிசையாக வாசிக்கும் வழக்கத்தைப் பெரியவர்கள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமத்தில் தொடங்கினால் லேவியராகமத்தில் எல்லாரும் தூங்கிவிடுவீர்கள், நியாயாதிபதிகளின் கடைசி அதிகாரங்கள் வரும்போது சின்னவள் கனவில் அலறுவாள். பிள்ளைகளோடு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். நான்கில் அதுதான் சின்னது, 16 அதிகாரங்கள். சம்பவத்துக்கு மேல் சம்பவமாக ஓடும். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம். முதலில் வீட்டில் பேசுகிற மாதிரி சொந்த வார்த்தையில் சொல்லுங்கள், பிறகு வேதாகமத்தைத் திறந்து அதில் நாலு வசனத்தை மட்டும் மூத்தவனை வாசிக்கச் சொல்லுங்கள். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் கடினமான வார்த்தைகளையும் தடுமாறித் தாண்டிவிடுவான். அவன் வாசிப்புக்கும் அது நல்ல பயிற்சி. ஒவ்வொரு பிழையையும் அங்கேயே திருத்த வேண்டாம்.

நடித்துக் காட்டக்கூடிய கதைகள் நிறைய இருக்கின்றன. சிறுவன் சாமுவேல் ராத்திரியில் மூன்று முறை எழுந்து ஏலியிடம் ஓடுகிறான், ஏலி முதல் இரண்டு முறையும் "நான் கூப்பிடவில்லை, போய்ப் படு" என்கிறார், மூன்றாம் முறைதான் கூப்பிடுவது ஆண்டவர் என்று புரிந்துகொள்கிறார். மகள் ஓடட்டும், அப்பா ஏலியாகப் படுத்துக்கொள்ளட்டும். சிரிப்பு வரும், வரட்டும். உங்கள் கடிதத்தில் அவள் சிரிப்பதைக் குற்றமாக எழுதியிருந்தீர்கள். சிரிக்க ஒரு இடம் கொடுத்துவிட்டால் அது குற்றமாகவே இருக்காது.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஞாயிறு பள்ளியில் அந்தக் கேள்விக்கு நான் கேட்ட பதில் எப்போதும் ஒன்றுதான்: "நல்ல பிள்ளையா இருக்கணும்." எந்தக் கதைக்கும் அதே பதில். அதற்குப் பதிலாக, கதையில் யாரைப் பிடித்தது, யாரைப் பிடிக்கவில்லை, உனக்கு எங்கே பயமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அதைவிட மேல், கேள்வியை அவர்கள் கேட்கட்டும், அப்பா பதில் சொல்லட்டும். யாத்திராகமம் 12-இல் பஸ்காவைக் கற்பிக்கும் இடத்தில், இதன் கருத்து என்ன என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று இருக்கிறது. யோசுவா 4-இல் யோர்தானிலிருந்து 12 கற்களை எடுத்து வைத்ததே, பிற்காலத்தில் பிள்ளைகள் வந்து இது என்ன என்று கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். கேட்கிற பிள்ளைக்கு அங்கே இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள்.

ஜெபம் ஆளுக்கு ஒரு வாக்கியம். தொலைந்த பொம்மைக்காக ஜெபித்தால் அது ஜெபம்தான், திருத்தாதீர்கள். மூத்தவனுக்கு விருப்பமில்லாத நாளில் சும்மா இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்: "ஆண்டவரே, தங்கச்சியை அடிக்காதபடி இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே ஜெபிப்பது. கண்ணை மூடி, கைகூப்பி, அவனால் பதில் பேச முடியாத நேரம் பார்த்து அவன் குற்றப்பத்திரிகையை வாசிக்கிறோம். அவனைக் கண்டிக்க வேண்டுமானால் கண்ணைத் திறந்து நேரடியாகக் கண்டியுங்கள். ஜெபத்தில் அவனுக்காக நன்றி சொல்லுங்கள்.

ஜெபத்தின் நடுவே அடிப்பது உடனே நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. இதை உங்கள் கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டம், எழுதாவிட்டாலும் புரிகிறது. எபேசியர் 6:4-ஐ எடுத்து அவர் முன்னால் நீட்டாதீர்கள். "பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள்" என்று தகப்பன்மாருக்கு எழுதியிருப்பது அவருக்கும் தெரிந்திருக்கும், அதை மனைவி மேற்கோள் காட்டினால் சண்டைதான் வரும். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து, அவன் பாட்டியைப் பற்றிக் கேட்ட கேள்வியை முதலில் சொல்லுங்கள். அப்பா என்ற முறையில் அது அவர் மனதைத் தொடும். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு மட்டும் பத்து நிமிடம் என்று செய்து பார்ப்போமா என்று கேளுங்கள். நிரந்தர மாற்றம் என்றால் மறுப்பவர்கூட இரண்டு வாரத்துக்குச் சம்மதிப்பார். பழைய பழக்கத்தில் மறுபடி கை ஓங்கிவிட்டால், "அப்பா கோபத்தில் அடிச்சது தப்புடா" என்று மகனிடம் அவர் சொல்லட்டும். மன்னிப்பைப் பற்றி அந்த வீட்டில் அதைவிடத் தெளிவான பாடம் இருக்க முடியாது.

இவ்வளவு சுருக்கினால் பிள்ளைகள் எப்போது கற்றுக்கொள்வார்கள் என்று கேட்பீர்கள். உபாகமம் 6:7 வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பேசச் சொல்கிறது. பள்ளிக்கு நடக்கிற வழி, குளிப்பாட்டுகிற நேரம், துணி மடிக்கிற நேரம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு பொழுதை ஒதுக்குங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தார். அவர் பெற்றது 19 பிள்ளைகள், அதில் பாதிப்பேர் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். மிஞ்சிய ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலை. ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து பெரிய ஆளான பிறகும் அந்த வியாழக்கிழமையை நினைவுகூர்ந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினார் ஜான். சூசன்னாவின் மற்ற முறைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு வயதுக் குழந்தை சத்தமில்லாமல் அழப் பழக வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

பரிசு விஷயம் சுலபம். சத்தமில்லாமல் நிறுத்திவிடுங்கள், கொஞ்ச நாள் வசனமே கேட்காதீர்கள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து 23-ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். ஆறே வசனங்கள், மாதத்துக்கு ஒன்று போதும். அப்பாவும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், தப்பு விட்டால் பிள்ளைகள் திருத்தலாம். அதைவிடப் பெரிய பரிசு ஏழு வயதுப் பையனுக்கு வேண்டியதில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் அவனை நிறுத்திவைத்து ஒப்பிக்கச் சொல்லாதீர்கள்.

பத்து நிமிடம் முடிந்ததும், இன்னொரு கதை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டாலும், நாளைக்கு என்று சொல்லி எழுந்துவிடுங்கள். உங்கள் கணவருக்கு நீண்ட ஜெபம் வேண்டும் என்றால் பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் உட்காருங்கள். அம்மாவை இழந்த உங்களுக்கும் அந்த நேரம் தேவைப்படும். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்.