கப்பலில் அட்லாண்டிக்: எந்த மாதம், எந்த கேபின்?

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். மகன் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறான். விமானத்தில் லண்டன் வந்து, சவுத்ஹாம்ப்டனில் கப்பல் ஏறி நியூயார்க் வரச் சொல்கிறான். எனக்கு 64 வயது, மனைவிக்கு 59. பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகில் போனாலே அவளுக்கு வாந்தி வந்துவிடும். கடல் எப்படி இருக்கும்? எந்த மாதம் போகலாம்? எந்த கேபின் எடுக்கலாம்?

பதில்: காக்கா (அண்ணே), தாராளமாகப் போகலாம். குருசடைப் படகை வைத்து உங்கள் மனைவி ராத்தாவின் உடம்பை எடை போடாதீர்கள். மன்னார் வளைகுடாவில் அந்தத் தீவைச் சுற்றிப் பல இடங்களில் பத்து மீட்டர் ஆழம்கூட இல்லை. அங்கே அலை குட்டையாக, அடுத்தடுத்து வந்து படகைக் குலுக்கும். அட்லாண்டிக்கின் சராசரி ஆழம் 3,600 மீட்டருக்கு மேல். அலை நீளமாக, நிதானமாக வரும். சவுத்ஹாம்ப்டன்-நியூயார்க் தடத்தில் வழக்கமாக ஓடும் குயின் மேரி 2 கப்பலின் நீளம் 345 மீட்டர். இந்தக் கடலுக்கென்றே கட்டி 2004இல் ஓட்டத்துக்கு விட்டார்கள். குலுக்கல் அதில் குறைவு. தொட்டில் மாதிரி மெதுவாகச் சாய்ந்து நிமிரும். சிலருக்கு அது தூக்கத்தைத் தரும், சிலருக்குத் தலைச்சுற்றலைத் தரும்.

மாதம்தான் முதலில் முடிவாக வேண்டும். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வட அட்லாண்டிக்கில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாம் ஆண்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாவைவிடப் பல மடங்கு முரட்டுக் கடல் அது. முதல் பயணத்துக்கு அது வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் தெற்கே வெப்பக் கடலில் எழும் ஹரிக்கேன் புயல்கள் வலுக்குறைந்த பிறகும் வடகிழக்கே திரும்பிக் கப்பல் தடத்துக்கு வருவதுண்டு.

கோடை என்றாலும் நம் ஊர் வெயிலை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், நீங்களும் மேற்கே போகிறீர்கள். கப்பல் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், டெக்கில் நிற்பவர் முகத்தில் 70 கிலோமீட்டர் காற்று அடிக்கும். ஜூலையிலும் ஸ்வெட்டர், காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் தொப்பி எல்லாம் வேண்டும். நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே லாப்ரடார் குளிர் நீரோட்டமும் கல்ஃப் வெப்ப நீரோட்டமும் சந்திக்கின்றன. கோடையில் அங்கே மூடுபனி அதிகம். அதற்குள் போகும் கப்பல் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு முறையாவது நீளமாக ஊத வேண்டும் என்பது சர்வதேச விதி. நள்ளிரவில் அந்தச் சத்தம் கேட்டால் ராத்தா பயப்பட வேண்டாம். பனிப்பாறை பற்றியும் கவலை வேண்டாம். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914 முதல் பனிப்பாறைகளைக் கண்காணித்துக் கப்பல்களுக்குத் தகவல் சொல்வதற்கென்றே சர்வதேச ரோந்து இருக்கிறது.

இனி கேபின். நான் பதினெட்டு வருடம் கப்பல்களில் கேபின் ஸ்டூவர்டாக வேலை பார்த்தவன். பயணிகள் பணத்தைத் தப்பான இடத்தில் கொட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மேல்தளத்து பால்கனி கேபின்தான் உசத்தி என்று எடுப்பார்கள். அலை எழும்பினால் அதிகம் ஆடுவது மேல்தளம்தான். முன்பக்கமும் பின்பக்கமும், அதாவது நம் வள்ளக்காரர்கள் சொல்லும் அணியமும் அமரமும், ஏறி ஏறி இறங்கும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் அடியில் துடுப்பு போன்ற ஸ்டெபிலைசர்கள் உண்டு. இந்த ஏற்ற இறக்கத்தை அவற்றால் அடக்க முடியாது. வள்ளத்தில் தலை சுற்றுகிறவரை நடுவில் உட்கார வைப்போமே, அதே கணக்குதான் இங்கேயும். கப்பலின் நடுவே, கீழ்த்தளத்தில், ஜன்னல் உள்ள கேபினை எடுங்கள். தொடுவானம் கண்ணில் பட்டால் தலைச்சுற்று குறையும். ஜன்னல் இல்லாத உள் கேபின் விலை குறைவு, ஆட்டமும் கூடுதல் இல்லை. ஆனால் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. குளிரிலும் காற்றிலும் பால்கனிக் கதவைத் திறக்கும் நேரம் கொஞ்சம்தான், அந்தப் பணம் மிச்சமாகட்டும். மியாமியிலிருந்து அசோர்ஸ், மதேரா வழியாக ஐரோப்பா போகும் தெற்குத் தடம் என்றால் பால்கனி எடுக்கச் சொல்வேன்.

முன்பதிவு செய்யும்போது டெக் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்க வேண்டும். நடன அரங்குக்குக் கீழே படுத்தால் தூக்கம் வராது. விலை குறைவென்று ‘கேரண்டி’ கேபினை மகன் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் எந்த மூலை கிடைக்கும் என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கும்.

வாந்திக்கான மாத்திரையைக் கீழக்கரையிலேயே டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். பல மாத்திரைகள் தூக்கம் தரும். கண்ணில் கிளாக்கோமாவோ புராஸ்டேட் தொந்தரவோ இருந்தால் சில மாத்திரைகள் ஆகாது, அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபிறகு மாத்திரை தங்காது. வயிற்றைக் காலியாக விடாதீர்கள், இஞ்சியும் கைவசம் இருக்கட்டும். வழக்கமான மருந்துகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு எடுத்துக் கைப்பையிலேயே வையுங்கள். கப்பலில் டாக்டர் உண்டு, கட்டணம் அதிகம். நடுக்கடலுக்கு ஹெலிகாப்டர் வர முடியாது. அதனால் கப்பல் பயணத்துக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் கட்டாயம் எடுங்கள்.

இரண்டு விசா வேண்டும், பிரிட்டனுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று. ஹலால் சாப்பாட்டை முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள், ஏறியபிறகு கேட்டால் கஷ்டம். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் கப்பலின் நெட்வொர்க் பிடித்துப் பில் எகிறிவிடும்.

தொழுகைக்கு ஒரு விஷயம். இரும்புக் கப்பலுக்குள் போன் காட்டும் திசையை நம்ப முடியாது. கேபின் டிவியில் கப்பல் போகும் திசையோடு வரைபடம் ஓடும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். சவுத்ஹாம்ப்டனில் கிப்லா, அதாவது மக்கா இருக்கும் திசை, தென்கிழக்கே இருக்கும், நியூயார்க் போய்ச் சேரும்போது வடகிழக்கே மாறியிருக்கும். நடுக்கடலில் ஏறக்குறைய நேர் கிழக்கு, அதாவது கப்பலின் பின்பக்கம். மேற்கே போவதால் ஏழு இரவுப் பயணத்தில் ஐந்து நாள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். கரையேறும்போது உடம்பு நியூயார்க் நேரத்துக்குப் பழகியிருக்கும். அதனால்தான் கப்பலில் போய் விமானத்தில் திரும்புங்கள் என்கிறேன்.

வானிலை பார்த்து கேப்டன் தடத்தை மாற்றினால் கரைசேரத் தாமதமாகலாம். இறங்கும் நாளில் உள்ளூர் விமானம் எதுவும் போட வேண்டாம். அன்று விடியும் முன்பே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு டெக்குக்கு வந்துவிடுங்கள். நியூயார்க் துறைமுக வாசலில் உள்ள வெர்ரஸானோ பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையும்போது புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் நடுவே சில மீட்டர்தான் இடைவெளி இருக்கும். பாம்பனில் பாலத்தைத் திறந்து கப்பலை விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். புகைபோக்கி இடிக்காமல் கடக்கும்வரை ராத்தா உங்கள் கையை விடமாட்டார்.