எம்சி எடுத்தவர் கொடிமலை ஏறலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் காலையில் நண்பர்களோடு தாவரவியல் பூங்காவில் நடப்பேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கிருந்து கொடிமலைத் தார்ச்சாலையில் பாதி தூரமாவது ஏறுவோம். மூன்று நாளாகச் சளி, தும்மல். ராத்திரியில் நெஞ்சிலிருந்து இருமல் வருகிறது, உடம்பு வலிக்கிறது, லேசாகச் சுடவும் செய்கிறது. கிளினிக்கில் இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்தார்கள். காலையில் இரண்டு பனடோல் போட்டால் தெம்பாகிவிடுகிறது. "வேர்த்துவிட்டால் சளி இறங்கிவிடும், வா" என்கிறார்கள் நண்பர்கள். "பனியிலும் மழையிலும் போனால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும்" என்று தடுக்கிறார் மனைவி. சளி பிடித்திருக்கும்போது வெளியில் உடற்பயிற்சி செய்யலாமா? யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: வேலைக்குப் போக முடியாது என்று சீட்டு வாங்கிக்கொண்டு, அதே உடம்போடு மலை ஏறலாமா என்று கேட்கிறீர்கள். சீட்டு எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாரே, அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கடிதம் எனக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நானும் அதையே சொல்கிறேன். இந்த வாரம் வேண்டாம்.

சளி பிடித்தவர் எல்லாரும் போர்த்திப் படுக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. விளையாட்டு மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் எளிய கணக்கு ஒன்று உண்டு. கழுத்துக்கு மேலே மட்டும் தொந்தரவு என்றால், அதாவது மூக்கு ஒழுகுகிறது, தும்மல் வருகிறது, தொண்டை லேசாகக் கரகரக்கிறது என்றால், மெதுவாக நடக்கலாம். பத்து நிமிடம் நடந்து பார்த்து, தலை கனத்தால் திரும்பிவிட வேண்டும். கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அதாவது நெஞ்சு இருமல், உடம்பு வலி, வயிற்றுக் கோளாறு என்றால், நடை கிடையாது. காய்ச்சல் எந்த அளவில் இருந்தாலும் கிடையாது. இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே இரண்டு, கூடவே காய்ச்சல். விடையைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள்.

நண்பர்களின் 'வேர்த்தால் இறங்கிவிடும்' விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்தே பார்த்து 1998இல் வெளியிட்டார்கள். 50 இளைஞர்களுக்குச் சளி உண்டாக்கும் ரைனோ வைரஸை மூக்கிலேயே விட்டார்கள். 34 பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 40 நிமிடம் உடற்பயிற்சி செய்தார்கள், 16 பேர் சும்மா இருந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சளி ஒரே அளவில் இருந்தது, ஒரே காலம் நீடித்தது. உடற்பயிற்சி சளியைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அவர்கள் வயது குறைந்த, ஆரோக்கியமான மாணவர்கள், அவர்களுக்கு வந்தது சாதாரணச் சளி என்பதையும் கவனியுங்கள். பிரஷர் மாத்திரையும் காய்ச்சலும் சேர்ந்த 54 வயதுக்காரரை வைத்து யாரும் அப்படிச் சோதிக்க மாட்டார்கள்.

அப்படியானால் நடந்து வந்ததும் மூக்கு திறந்துகொள்கிறதே என்பீர்கள். அது உண்மைதான். உடம்பு முயற்சியில் இறங்கும்போது மூக்கின் உட்புறத்தில் வீங்கியிருக்கும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், காற்றுக்கு வழி விடும். வீட்டுக்கு வந்து குளித்துப் பசியாறி உட்காருவதற்குள் பழையபடி அடைத்துக்கொள்ளும். உங்கள் நண்பர்கள் பார்த்த 'சளி இறங்குவது' இந்தக் கொஞ்ச நேரக் காட்சிதான்.

மனைவி சொல்லும் முடிவு சரி, காரணம் கொஞ்சம் இடிக்கிறது. சளியை உண்டாக்குவது வைரஸ். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் சாலிஸ்பரி அருகே 1946 முதல் 1990 வரை சளிக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இயங்கியது. அங்கே ஆட்களை நனைந்த உடம்போடு காற்றோட்டமான தாழ்வாரத்தில் நிற்கவைத்து, ஈரக் காலுறையோடு உலவவிட்டுப் பார்த்தார்கள். நனைந்தவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகச் சளி பிடித்துவிடவில்லை. அம்மையார் பக்கமும் ஒரு சாட்சி உண்டு என்பதை மறைக்கக்கூடாது. 2005இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 180 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேர் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் அவர்களில்தான் அதிகம் பேர் சளி என்று சொன்னார்கள். ஏற்கெனவே மூக்கில் ஒளிந்திருக்கும் வைரஸுக்குக் குளிர் வழிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆனால் அந்தத் தண்ணீர் 10 பாகைக் குளிர். ஆயர் ஈத்தாமில் அது ஐஸ்பெட்டியில்தான் கிடைக்கும். விடியற்காலையில்கூட 24, 25 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காத ஊரில் பனியைக் குற்றவாளியாக்க முடியாது.

உண்மையில் நம் ஊரின் தொந்தரவு நேர் எதிரானது. காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. வேர்வை வழிகிறதே தவிரக் காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஏற்கெனவே சூடாயிருக்கும் உடம்போடு செங்குத்தான தார்ச்சாலையில் ஏறினால் சூடு எங்கே போகும்? காய்ச்சல் ஒரு பாகை ஏறினாலே நாடி நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு கூடும் என்பது மருத்துவர்களின் பொதுக் கணக்கு. நீங்கள் பூங்கா வாசலில் நிற்கும்போதே இதயம் பாதி மலை ஏறியிருக்கும்.

பனடோல் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. அது வைரஸைத் தொடுவதில்லை. காய்ச்சலையும் வலியையும் சில மணி நேரம் அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். காரில் சூட்டு விளக்கு எரிந்தால் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு மேட்டில் ஓட்டுவீர்களா? சில வைரஸ்கள், குறிப்பாகக் காக்ஸாக்கி வகையும் இன்ஃபுளுவென்சாவும், இதயத் தசையிலேயே அழற்சி உண்டாக்கக்கூடியவை. அரிதுதான். ஆனால் திடகாத்திரமான விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் திடீரென்று சரிந்து விழுவதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. அந்த அழற்சி வந்தவர்களை மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் பயிற்சிப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர்கள் நிறுத்திவைக்கிறார்கள். ஒரு வாரம் வீட்டில் இருப்பது உங்களுக்கு நஷ்டமாகத் தெரிகிறது, பாருங்கள்.

அப்புறம், பார்மசியில் மூக்கடைப்புக்கு மாத்திரை வாங்கியிருந்தால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். சூடோஎஃபெட்ரின் என்று இருந்தால் அது நாடியையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. பிரஷர்காரர் அதைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது. தூக்கம் வரவைக்கும் பழைய சளி மாத்திரைகள் வேர்வையையும் குறைக்கும், நம் வெயிலில் அதுவும் நல்லதில்லை.

உங்கள் உடம்பைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், உங்கள் நண்பர்கள் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. சளி முதல் இரண்டு மூன்று நாளில்தான் நன்றாகத் தொற்றும். நடந்து முடித்ததும் எல்லாரும் ஒரே மேசையில் ரொட்டி சானாய் பிய்த்து, தே தாரே குடித்துத்தானே கலைவீர்கள்? 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. உங்கள் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். உங்களுக்கு மூன்று நாள் மூக்கொழுகல், அவருக்கு அது நிமோனியாவில் முடியலாம். ஒன்று சொல்லலாம்: லேசான சளிக்காரர் நடந்தே ஆக வேண்டுமென்றால், குளிரூட்டி ஓடும் அடைத்த ஜிம்மைவிடத் திறந்த வெளி மற்றவர்களுக்கு நல்லது. தனியாக நடந்தால் இன்னும் நல்லது. புகைமூட்ட நாளாக இருந்தால் காற்று மாசைக் காட்டும் ஐபியு குறியீட்டைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமானவர்களுக்கே வெளியில் வேலையில்லை.

நம் ஊரில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும், டிங்கி. அதில் மூக்கொழுகல் பெரும்பாலும் இருக்காது. ஆனால் முதல் இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் ஃபுளு போலவே தெரியும். சூடு குறையாமல் மூன்றாம் நாளைத் தொட்டுவிட்டதால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதுவரை வலி மாத்திரை என்று ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் பக்கம் போகாதீர்கள். ஏடிஸ் கொசு அதிகம் கடிப்பது விடிந்ததும், பொழுது சாயும்போதும். அதாவது நம் நடைக்காரர்களின் நேரத்தில். டிங்கிக் காய்ச்சலோடு பூங்காவில் உலவுபவரைக் கடித்த கொசு, நாளைக்கு வேறு யாரையாவது கடிக்கும்.

சரி, எப்போது திரும்பலாம்? பனடோல் போடாமலேயே முழுதாக ஒரு நாள் சுடாமல் இருக்க வேண்டும், இருமல் நெஞ்சை விட்டிருக்க வேண்டும். அதன் பிறகு முதல் நாள் பூங்காவின் சமதளத்தில் 20 நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். அடுத்த நாள் களைப்பு இல்லையென்றால் கொஞ்சம் கூட்டலாம். தார்ச்சாலை ஏற்றம் அதற்கும் ஒரு வாரம் கழித்து. நடுவில் நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, படியேறும்போது வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ கிளினிக் வேண்டாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.