வெளிநாட்டு உதவியில் அரசுப் பள்ளி கட்டுவது என்றால் என்ன?

உலக வங்கி போன்ற அமைப்புகளோ பிற நாட்டு அரசுகளோ தரும் கடனையும் மானியத்தையும் வைத்து நம் அரசு பள்ளிகளைக் கட்டுவது, மேம்படுத்துவதுதான் இது.

ஏன் கடன்? கட்டடச் செலவு முழுதும் முதலிலேயே வந்து நிற்கும்; பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும். நீண்ட தவணைக் கடன் அந்த இடைவெளியை அடைக்கிறது. செட்டிநாட்டில் கல்வி என்றதும் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய அழகப்பச் செட்டியார்தான் நினைவுக்கு வருவார். எல்லா ஊருக்கும் அப்படி ஒரு வள்ளல் வாய்ப்பதில்லையே!

வங்கிக் கடனில் வீடு கட்டுவதைப் போலத்தான். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வந்தால் அடுத்தது. பள்ளித் திட்டங்களிலும் வேலை நடந்ததைச் சரிபார்த்தே பணம் விடுவார்கள். ஆனால் திட்டம் முடிந்த பிறகு கழிப்பறைக்குத் தண்ணீர், துப்புரவாளருக்குச் சம்பளம், ஒழுகும் கூரைக்குப் பழுது ஆகியவற்றுக்கு யார் பணம் ஒதுக்குவது? என்னைக் கேட்டால், அதை முதல் நாளே எழுதி வைக்காத திட்டம் அரைகுறைத் திட்டம்தான்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் நம் பள்ளிகள் நடக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உலக வங்கியும் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் உதவிய, மத்திய அரசின் பள்ளிக்கல்வித் திட்டமான அனைவருக்கும் கல்வி இயக்கத்திலேயே பெரும்பங்கு நம் வரிப்பணம். 2004-ல் கல்விக்கென்றே 2 சதவீத மேல்வரி வந்தது.