முட்டி நிற்கும் ரோபோவிடம் என்ன படிப்பது?

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ரோபோ வைத்துக் கோடிங் சொல்லித் தருகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் வேறு. பெற்றோரை அழைத்துக் காட்டிய நாளில் அந்த ரோபோ வண்டி நேரே போய்ச் சுவரில் முட்டி நின்றது. இதில் என்ன படிப்பு இருக்கிறது?
– வாசகி, தேனி

பதில்: முட்டியதா, நல்லது. அப்புறம் என்ன நடந்தது? சார் வந்து சரிசெய்து கொடுத்துவிட்டார் என்றால் உங்கள் பணம் தண்டம். பிள்ளைகளே தரையில் உட்கார்ந்து காரணம் தேடினார்கள் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். கணினித் திரையில் தப்பு வந்தால் பாதிப் பேர் படிக்காமலே மூடிவிடுவார்கள். சுவரில் முட்டிக்கொண்டு சக்கரம் சுற்றுகிற வண்டியை அப்படி மூடிவிட முடியாது.

இது நேற்று வந்த சங்கதியும் இல்லை. 1967-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்காகவே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கிய சேமூர் பாப்பர்ட்டும் சிந்தியா சாலமனும் மற்றவர்களும், சில வருடங்களிலேயே தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் 'ஆமை' ரோபோவைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டார்கள். சதுரம் சுலபம்: 100 முன்னால் போ, 90 டிகிரி வலப்பக்கம் திரும்பு, இதையே நான்கு முறை. முக்கோணம் போடச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் பெரும்பாலும் 60 என்றுதான் எழுதுவார்கள், கணக்குப் புத்தகத்தில் சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 தானே! ஆமையோ அரை அறுகோணத்தைப் போட்டுவிட்டு நிற்கும். அப்போது பாப்பர்ட் காட்டிய வழி, நீயே ஆமையாகி நடந்து பார் என்பது. நடந்தால் ஒவ்வொரு மூலையிலும் உடம்பு 120 டிகிரி திரும்ப வேண்டியிருப்பது தானாகப் பிடிபடும். உங்கள் வீட்டுக் கூடத்திலேயே மகளை நடக்கவிட்டுப் பாருங்களேன், அதற்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர் நான். 40 மாணவர்கள், 4 ரோபோ கிட். எப்போதும் அதே நாலு பையன்கள்தான் தொடுகிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை. போதாததற்குக் காலையில் சரியாக ஓடிய வண்டி மதியம் கோணலாகத் திரும்புகிறது.
– வாசகர், விருதுநகர்

பதில்: கிட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு முதல் இரண்டு வகுப்பை ஓட்டுங்கள். ஒரு பிள்ளை ரோபோ, கண்ணைக் கட்டிவிடுங்கள். இன்னொரு பிள்ளை தாளில் எழுதிய கட்டளையை வாசிக்கட்டும், நடுவில் திருத்தக் கூடாது. கிட் வந்த பிறகும் ஒரு விதி: வண்டி எங்கே போய் நிற்கும் என்று நோட்டில் எழுதாத குழு பொத்தானைத் தொடக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மடிக்கணினி கை மாறட்டும், அந்த நாலு பையன்களும் நோட்டு எழுதிப் பழகட்டும்.

மதியக் கோணலுக்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். 'அரை நொடி மோட்டாரைச் சுற்று' என்று நேரத்தை வைத்து எழுதியிருப்பீர்கள். சார்ஜ் இறங்க இறங்க அதே அரை நொடியில் சக்கரம் குறைவாகத்தான் சுற்றும். உடனே சரிசெய்யாதீர்கள் சார், 'எழுதிய கட்டளை அப்படியே இருக்கிறது, வண்டி ஏன் மாறியது?' என்று கேட்டுவிட்டு அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரிலும் இதே மாதிரி ஒரு வேடிக்கை உண்டு. ஒலி போய்த் திரும்பிவரும் நேரத்தைத்தான் அது தரும். இரண்டால் வகுக்க மறந்த பிள்ளைக்கு ஒரு முழத்தில் இருக்கும் சுவர் இரண்டு முழம் தள்ளித் தெரியும், அப்புறம் வண்டி முட்டாமல் என்ன செய்யும்?

கேள்வி: கணினித் திரையில் வண்ணக் கட்டைகளை இழுத்து ஒட்டுவதெல்லாம் கோடிங்கா? என் பையன் விளையாடுகிறான் என்றே தோன்றுகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: கோடிங்தான். இப்படிக் கட்டைகளை ஒட்டி நிரல் எழுதும், 2007-இல் வந்த ஸ்கிராட்ச் ஆகட்டும், மைக்ரோபிட் என்ற குட்டிக் கணினிப் பலகைக்கான மேக்கோட் ஆகட்டும், 'இத்தனை முறை செய்', 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்ற அதே சங்கதிதான், தட்டச்சு செய்து எழுதும் மொழிகளில் வரும் அரைப்புள்ளி விட்டுப்போன தொல்லை மட்டும் இல்லை. மேக்கோட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் அதே நிரல், எழுத்தில் எழுதும் பைத்தான் என்ற கணினி மொழியில் தெரியும். பையன் தானாக அந்தப் பொத்தானைத் தட்டும் வரை பொறுங்கள், நீங்கள் தட்டிக் காட்டாதீர்கள்.