புகையே தெரியாத ஹீட்டர், அறிக்கையில் மட்டும் நுண்துகள்

கேள்வி: அமெரிக்காவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்கிறேன். இயற்கை எரிவாயுவில் ஓடும் ஹீட்டரின் புகைபோக்கியில் கண்ணுக்குப் புகையே தெரிவதில்லை. ஆனால் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இ.பி.ஏ.) முறை 5 (வடிதாளில் சிக்கும் துகளை அளப்பது), முறை 202 (வாயு குளிரும்போது உறைந்து உருவாகும் துகளை அளப்பது) இரண்டையும் சேர்த்து எடுத்த மூன்று ஒருமணி நேரச் சோதனைகளிலும் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்) அதிகம். ஒன்றோடொன்று ஒத்தும் போகவில்லை. தவறு எங்கே?

பதில்: மணிக்கு இத்தனை கிலோ என்ற கடைசி எண்ணை விடுங்கள். ஆய்வகத் தாளில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் இழுத்தால் 1.2 கன மீட்டர்தான் சேரும். வாயுவில் கன மீட்டருக்கு 1 மில்லிகிராம் துகள் இருந்தால் கையில் கிடைப்பது 1.2 மில்லிகிராம். கருவியைக் கரைப்பான்களால் கழுவி எடுக்கும் பிளாங்கிலேயே (புகைவாயு இல்லாத வெற்று மாதிரி) அதற்கு இணையான எச்சம் வரக்கூடும். முறை 202-இல் அந்த எச்சத்தில் அதிகபட்சம் 2 மில்லிகிராம் வரைதான் கழித்துக்கொள்ளலாம். ஒத்துப்போகாததில் வியப்பில்லை. புகைபோக்கியில் மணிக்கு 50,000 கன மீட்டர் வாயு போனால், 1.2 கன மீட்டர் மாதிரியில் நேரும் 1 மில்லிகிராம் பிழையே ஆண்டுக்கு சுமார் 365 கிலோவாகப் பெருகிவிடும்.

எனவே ஒவ்வொரு சோதனையும் குறைந்தது நான்கு மணி நேரம் ஓடட்டும். கண்ணாடிப் பாத்திரங்களை 300 டிகிரி செல்சியஸில் ஆறு மணி நேரம் சுட்டு எடுக்கச் சொல்லுங்கள். அசிட்டோன், ஹெக்சேன், தண்ணீர் மூன்றுக்கும் தனித்தனி பிளாங்க் கேளுங்கள். பல அறிக்கைகளில் கோளாறு இங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது கந்தகம். எரிவாயுவோடு ரிஃபைனரி வாயுவும் (ஆலையிலேயே உண்டாகும் எரிவாயு) கலந்து எரித்தால் சல்ஃபர் டைஆக்சைடு கூடும். அது இம்பிஞ்சர் (வாயுவைக் குளிர்வித்துப் பிடிக்கும் கண்ணாடிக் குடுவை) நீரில் கரைந்து சல்ஃபேட்டாகிவிட்டால், துகளாக இல்லாததும் துகள் கணக்கில் ஏறும். 2010 டிசம்பரில் திருத்திய முறையில் இம்பிஞ்சர்கள் உலர்ந்தே தொடங்குவது இதற்காகத்தான். ஆனாலும் நீராவி குளிர்ந்து தண்ணீர் சேரத்தான் செய்யும். அதில் கரைந்த சல்ஃபர் டைஆக்சைடை வெளியேற்ற, சோதனை முடிந்ததும் தாமதிக்காமல் நைட்ரஜனை நிமிடத்துக்கு 14 லிட்டருக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் செலுத்தவேண்டும். நேரமில்லை என்று இதைச் சுருக்கும் குழுக்கள் உண்டு. களக் குறிப்பேட்டில் நேரத்தைச் சரிபாருங்கள். உறைதுகள் வடிதாளிலிருந்து (குளிர்ந்து உறைந்த துகளைப் பிடிக்கும் வடிதாள்) வெளிவரும் வாயு 20 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருந்ததா என்பதும் அதில் தெரியும்.

பெரிய துகள்களைப் பிரித்துவிடும் சைக்ளோன் கருவி தேவையா? எரிவாயுத் துகள் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் கீழ். முறை 5-இல் சிக்கிய மொத்தத்தையும் பிஎம் 2.5 என்றே வைத்துக்கொண்டால் போதும்.

இவ்வளவுக்குப் பின்னும் சந்தேகம் தீராவிட்டால், புகைவாயுவைத் தூய காற்றோடு கலந்து, வளிமண்டலத்தில் நடப்பதுபோல் ஆறவிட்டு அளக்கும் ஐ.எஸ்.ஓ. 25597 முறையை நாடலாம். ஆனால் உரிமத்தில் முறை 202 என்று எழுதியிருந்தால், ஒப்புதல் வாங்கிவிட்டே கருவியை ஏற்றுங்கள்.